சிஎஸ்ஆர் சட்டம்: பணம் கணக்கில் சேரும், ஊழியர் தரும் நேரம் சேராது

புது தில்லி: பெருநிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிடுவது இந்தியாவில் 2014 ஏப்ரல் 1 முதல் சட்டக் கடமையாக இருந்து வருகிறது. சிஎஸ்ஆர் எனப்படும் பெருநிறுவன சமூகப் பொறுப்பு விதிகளின்படி, நிறுவனம் வழங்கும் நிதி ரூபாய்க் கணக்கில் பதிவு செய்யப்படுகிறது. ஆனால், அதே நிறுவனத்தின் ஊழியர்கள் அரசுப் பள்ளியிலோ குடிசைப் பகுதியிலோ தன்னார்வத்துடன் செலவிடும் நேரம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. இந்தச் சட்டம் எவ்வாறு செயல்படுகிறது, தில்லி போன்ற நகரின் உள்ளூர்ச் சமூகங்களுக்கு அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

எந்த நிறுவனங்களுக்குப் பொருந்தும்?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு சிஎஸ்ஆர் கடமையை வரையறுக்கிறது. முந்தைய நிதியாண்டில் ரூ.500 கோடி அல்லது அதற்கு மேல் நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி அல்லது அதற்கு மேல் விற்றுமுதல், ரூ.5 கோடி அல்லது அதற்கு மேல் நிகர லாபம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்ட நிறுவனம் இதன் வரம்புக்குள் வரும்.

அத்தகைய நிறுவனம், முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தபட்சம் 2 சதவீதத்தைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் ரூ.40 கோடி எனில், அந்த ஆண்டுக்கான கடமை ரூ.80 லட்சம். கல்வி, சுகாதாரம், பசி ஒழிப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பாரம்பரியச் சின்னங்கள் பராமரிப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு உள்ளிட்ட துறைகள் சட்டத்தின் 7-ஆவது அட்டவணையில் இடம்பெற்றுள்ளன.

மத்திய அரசு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இது நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. தமிழர்கள் கணிசமாக வாழும் மொரீஷியஸ் நாடு, அதே 2009-இல் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்குவதைச் சட்டமாக்கியது.

இந்தியாவில் சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டான 2014-15-இல் நிறுவனங்கள் சுமார் ரூ.10,000 கோடி செலவிட்டன. 2022-23-இல் இத்தொகை ஏறத்தாழ ரூ.30,000 கோடியாக உயர்ந்தது.

செலவிடத் தவறினால் என்ன ஆகும்?

தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் அதற்கான காரணத்தை இயக்குநர் குழு அறிக்கையில் குறிப்பிட்டால் போதும் என்ற நிலை இருந்தது. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் இதை மாற்றின.

தொடர் திட்டத்துக்கான தொகை மீதமிருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் அதைத் தனி வங்கிக் கணக்கில் செலுத்தி, 3 நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். எந்தத் தொடர் திட்டத்துக்கும் உரியதல்லாத மீதித் தொகையை 6 மாதங்களுக்குள் 7-ஆவது அட்டவணையில் குறிப்பிடப்பட்டுள்ள அரசு நிதியங்களில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். தவறும் நிறுவனத்துக்கு, மாற்ற வேண்டிய தொகையைப் போல இரு மடங்கு அல்லது ரூ.1 கோடி, இவற்றில் எது குறைவோ அது அபராதமாக விதிக்கப்படும்.

பணத்தைப் பெற்றுக் களத்தில் பணியாற்றும் அறக்கட்டளைகளும் சங்கங்களும் 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தின் மூலம் மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்வது கட்டாயமாக்கப்பட்டது.

எவை சேராது?

நிறுவனத்தின் வழக்கமான வணிகச் செயல்பாடு, சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயனளிக்கும் திட்டம், அரசியல் கட்சிகளுக்கான நன்கொடை, பொருள்களை விளம்பரப்படுத்தும் நோக்கிலான நிதி ஆதரவு, பிற சட்டங்களின் கீழ் ஏற்கெனவே செய்ய வேண்டிய பணி ஆகியவை சிஎஸ்ஆர் செலவாகக் கருதப்படமாட்டா. மாரத்தான் ஓட்டம், விருது வழங்கும் விழா போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகளும் கணக்கில் வாரா என அமைச்சகம் 2014-இல் தெளிவுபடுத்தியது. சிஎஸ்ஆர் நிர்வாகச் செலவு மொத்தச் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இத்தொகையை வணிகச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு பெறவும் இயலாது.

ஊழியரின் நேரம்: மாறிய நிலைப்பாடு

தன்னார்வப் பணி தொடர்பாக அரசின் நிலைப்பாடு சட்டம் அமலான ஆண்டிலேயே மாறியது. ஊழியர்கள் சிஎஸ்ஆர் பணிக்கெனச் செலவிடும் நேரத்துக்கு ஈடான ஊதியத்தைத் திட்டச் செலவில் சேர்க்கலாம் என 2014 ஜூன் மாதச் சுற்றறிக்கை அனுமதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஊழியர்களைச் சமூகப் பணிகளில் ஈடுபடுத்துவது ஊக்குவிக்கப்பட வேண்டியது என்றும், எனினும் அவர்கள் ஊதியமின்றி ஆற்றும் சேவைக்குப் பண மதிப்பு கணக்கிட்டு சிஎஸ்ஆர் செலவில் சேர்க்க இயலாது என்றும் அமைச்சகம் பின்னர் விளக்கம் அளித்தது. 2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதியிட்ட விரிவான கேள்வி-பதில் சுற்றறிக்கையிலும் இதே நிலைப்பாடு தொடர்கிறது.

இந்தத் தடைக்கு நியாயம் உண்டு. ஒரு மேலாளர் அரை நாள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசியதை அவரது ஊதிய விகிதத்தில் கணக்கிட அனுமதித்தால், பள்ளிக்குச் சென்று சேர வேண்டிய பணம் காகிதத்திலேயே செலவாகிவிடும். அதே பணியைப் பன்மடங்கு குறைந்த கூலியில் உள்ளூர்த் தொழிலாளர் செய்துவிட முடியும்.

மறுபுறம், கணக்கில் சேராத பணி நிறுவனத்தின் விருப்பத்தை மட்டுமே சார்ந்திருக்கிறது. ஒரு கணக்காளர் சிறிய தொண்டு அமைப்பின் வரவு-செலவை ஆண்டு முழுவதும் சரிபார்த்துக் கொடுப்பதும், ஒரு பொறியாளர் மாநகராட்சிப் பள்ளியில் வாரந்தோறும் கணிதம் கற்பிப்பதும் எந்த அறிக்கையிலும் ரூபாயாக வாரா. அதனால், ஆண்டுக்கு ஒரு முறை புகைப்படத்துடன் முடியும் நிகழ்ச்சியும் ஆண்டு முழுவதும் தொடரும் பணியும் சட்டத்தின் பார்வையில் ஒரே நிலையில் உள்ளன.

'உள்ளூர்' எது?

நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் முன்னுரிமை அளிக்க வேண்டும் என 135-ஆவது பிரிவு கூறுகிறது. இது வழிகாட்டும் தன்மை கொண்டதே தவிர, கட்டாயமல்ல. உள்ளூர்த் தேவையையும் தேசிய முன்னுரிமைகளையும் சமநிலைப்படுத்த வேண்டும் என்பது 2021 சுற்றறிக்கையின் விளக்கம்.

தில்லியில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இந்திய உருக்கு ஆணையமான செயில், மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி, எரிவாயு நிறுவனமான கெயில் ஆகியவற்றின் தலைமையகங்கள் தில்லியில் உள்ளன. ஆனால், செயிலின் ஆலைகள் பிலாய், ரூர்கேலா, பொகாரோ, துர்காபூர், சேலம் ஆகிய இடங்களில் இயங்குகின்றன. புகையும் இரைச்சலும் நிலமிழப்பும் ஆலையைச் சுற்றியுள்ள மக்களுக்கு உரியவை என்பதால், சிஎஸ்ஆர் நிதியில் அவர்களுக்கே முதல் உரிமை என்ற வாதம் வலுவானது.

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் சிஎஸ்ஆர் நிதியில் சுமார் 60 சதவீதத்தை ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் கருப்பொருளுக்குச் செலவிட வேண்டும் என்றும், வளர்ச்சியில் பின்தங்கிய முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்றும் 2018 டிசம்பரில் அறிவுறுத்தப்பட்டது. ஆக, தலைமையகம் தில்லியில் இருப்பதாலேயே அந்நிறுவனங்களின் நிதி தில்லியின் குடிசைப் பகுதிகளுக்குக் கிடைத்துவிடுவதில்லை. அந்த அலுவலகங்களில் பணியாற்றும் ஊழியர்களால் தங்கள் நகருக்கு எளிதாக வழங்கக்கூடியது நேரமும் தொழில் திறனுமே.

தில்லியில் நடந்தவை

தில்லி நிஜாமுதீன் பகுதியில் அமைந்துள்ளது, அக்பரின் அவையில் இடம்பெற்ற கவிஞரும் தளபதியுமான அப்துல் ரஹீம் கான்-இ-கானானின் கல்லறை மாடம். தம் மனைவிக்காக ரஹீம் 1598-இல் கட்டிய இச்சின்னத்தின் பளிங்குக் கற்கள், 18-ஆம் நூற்றாண்டில் சப்தர்ஜங் கல்லறையைக் கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னர் இடிந்து விழும் நிலையை எட்டிய இம்மாடத்தை, இண்டர்குளோப் அறக்கட்டளையின் நிதியுதவியுடன், இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து ஆகா கான் கலாசார அறக்கட்டளை சீரமைத்தது. 2014-இல் தொடங்கிய பணி 2020 டிசம்பரில் நிறைவடைந்தது. கைவினைஞர்களின் உழைப்பு மட்டும் சுமார் 1,75,000 மனித நாள்கள்.

அதே பகுதியிலுள்ள நிஜாமுதீன் குடியிருப்பில், தொல்லியல் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை, மாநகராட்சி ஆகியவற்றுடன் ஆகா கான் அமைப்புகள் 2007 முதல் பணியாற்றி வருகின்றன. மாநகராட்சித் தொடக்கப் பள்ளி, மருத்துவமனை, பூங்காக்கள், கழிப்பிட வசதி எனப் பணி விரிந்தது. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது 2021-இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒரே இடத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து தங்கியதே இப்பணியின் அடிப்படை.

மாறாக, பாரம்பரியச் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டத்தின் கீழ் செங்கோட்டையில் பார்வையாளர் வசதிகளை மேற்கொள்ள டால்மியா பாரத் நிறுவனத்துடன் 2018-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம் சர்ச்சைக்குள்ளானது. தேசியச் சின்னம் தனியாருக்கு ஒப்படைக்கப்படுவதாக எதிர்க்கட்சிகள் விமர்சித்தன. பணி பார்வையாளர் வசதிகளுடன் நிற்கும் என்றும், இதில் லாப நோக்கம் இல்லை என்றும் அரசு விளக்கமளித்தது. கொடைக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான எல்லை மக்களின் கண்காணிப்பில் உள்ளது என்பதை இந்த விவாதம் காட்டியது.

1999-இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ஜ் அமைப்பு மற்றொரு எடுத்துக்காட்டு. நகரங்களில் சேகரிக்கப்படும் துணிகளையும் பொருள்களையும் தரம் பிரித்துக் கிராமங்களுக்கு அனுப்பும் இந்த அமைப்பு, அவற்றை இலவசமாக வழங்காமல், கிணறு வெட்டுதல், பாதை அமைத்தல் போன்ற ஊர்ப் பணிகளுக்கான ஈடாக அளிக்கிறது. பெறுபவரின் சுயமரியாதையைக் காக்கும் இந்த முறைக்காக அவருக்கு 2015-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

தன்னார்வத்துக்கான வழிகள்

அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்பும் நிறுவனங்களும் தனிநபர்களும் 2021 செப்டம்பர் 7-இல் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்ட வித்யாஞ்சலி 2.0 தளத்தைப் பயன்படுத்தலாம். பொருளாக மட்டுமன்றி, கற்பித்தல், பயிற்சி போன்ற சேவையாகவும் வழங்க அதில் இடமுண்டு. தமிழகத்தில் 2022 டிசம்பர் 19-இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அரசுப் பள்ளிகளுடன் இணைக்கிறது. ஆண்டுதோறும் காந்தி ஜெயந்தியான அக்டோபர் 2 முதல் 8 வரை நடைபெறும் தான் உத்சவ் வாரத்திலும் பல அலுவலகங்கள் பங்கேற்கின்றன.

மக்கள் அறிந்துகொள்வது எப்படி?

சிஎஸ்ஆர் கொள்கை, குழு உறுப்பினர்கள், ஒப்புதல் பெற்ற திட்டங்கள் ஆகியவற்றை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆண்டு அறிக்கையிலும் விவரம் இடம்பெற வேண்டும். அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் நிறுவனம், மாநிலம், மாவட்டம், துறை வாரியாகச் செலவு விவரங்களைக் காணலாம். சராசரியாக ரூ.10 கோடி அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனங்கள், ரூ.1 கோடி அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள திட்டங்களின் தாக்கத்தைச் சுதந்திரமான அமைப்பின் மூலம் மதிப்பிட வேண்டும்.

ஆனால், ஊழியர்கள் வழங்கிய நேரத்துக்கு இதற்கு இணையான பொதுப் பதிவேடு எதையும் சிஎஸ்ஆர் சட்டம் கோரவில்லை. எனவே, தங்கள் பகுதிக்கு வரும் நிறுவனத்திடம் பள்ளி மேலாண்மைக் குழுவோ குடியிருப்போர் சங்கமோ மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுப்பலாம். எந்தத் தேவைக்காக வருகிறார்கள்? எத்தனை மாதங்கள் தொடர்வார்கள்? அவர்கள் சென்ற பிறகு பணியை யார் கவனிப்பார்கள்? தன்னார்வப் பணிக்குப் பண மதிப்பிடச் சட்டத்தில் இடமில்லாத நிலையில், அதன் பயனை மதிப்பிடும் பொறுப்பு பெருமளவில் அந்தப் பகுதி மக்களிடமே உள்ளது.