சாவி கொடுக்கும் கடிகாரங்கள்

காலத்தைக் கையிற் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாள் அயல்நாட்டுச் சரக்கையே நம்பியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்து வணிகர் பம்பாயில் கடிகார வாணிகம் தொடங்கிவிட்டனர். வெஸ்ட் எண்ட், ஃபாவர் லூபா முதலிய பெயர்கள் நம் பாட்டனார் காலத்தில் வீட்டுப் பெயர்களைப் போல் வழங்கின. எனினும் அவை எல்லார்க்கும் எட்டியவை அல்ல. மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் அணிவிப்பது ஒரு பெருஞ்சீராக மதிக்கப்பட்டதற்கு அதன் அருமையே காரணம் எனலாம்.

இந்நிலை மாறியது நாம் குடியேறி வாழும் இப்பெங்களூரிலேதான். இயந்திரங்களை ஆக்கும் இயந்திரங்களைச் செய்வதற்காக 1953-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம், 1961-இல் ஜப்பானியச் சிட்டிஸன் கம்பெனியின் துணைகொண்டு ஜாலஹள்ளிப் பகுதியில் கடிகார ஆலை தொடங்கியது. முதலில் வெளிவந்த கடிகாரங்களைப் பண்டித நேரு அவர்களே வெளியிட்டார்கள். தொடக்க காலத்து முகப்புகளில் எச்.எம்.டி. என்பதோடு சிட்டிஸன் என்ற பெயரும் சேர்ந்தே காணப்படும். பின்னர் ஜனதா, பைலட் எனப் பல பெயர்களில் அவை நாடெங்கும் பரவின.

பெயர் பலவாயினும் சாவி கொடுக்கும் அவ்வகைகளுள் பலவற்றுக்கு உள்ளிருந்த இயந்திரம் ஏறக்குறைய ஒன்றே. பதினேழு கற்கள், மணிக்குப் பதினெண்ணாயிரம் துடிப்பு. அதாவது ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. ஓராண்டுக்குப் பதினைந்து கோடிக்கு மேல்! இவ்வளவு உழைப்பையும் தாங்குவன, செயற்கை மாணிக்கக் கற்களும் அவற்றிலே ஊசிமுனையால் வைக்கப்படும் எண்ணெய்த் துளிகளுமே. பல ஆண்டுகள் ஒரே அமைப்பு நீடித்தமையால், ஒரு கடிகாரத்தின் உறுப்பு மற்றொன்றில் பொருந்திற்று. அந்த ஆலையின் கடிகாரங்கள் நீண்ட ஆயுள் பெற்றதற்கு இதனையே தலையாய காரணமாக நாம் கருதுகிறோம். நேர்த்தியில் அவற்றை விஞ்சிய சுவிஸ் கடிகாரங்கள் பல உண்டு. ஆனால் சிற்றூர்ச் சந்தைத் தெருவிலும் பிரித்துப் பூட்டத்தக்க கடிகாரமாக இது அமைந்தது.

பிரித்துப் பூட்டியவர் யார்? கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னே வைத்து, ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, நாள் முழுதும் குனிந்தே அமர்ந்திருந்த தெருவோரத் தொழிலாளர்களே. உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ரப்பர் ஊதியால் உலர்த்தி, எண்ணெய் இட்டு மீண்டும் பூட்டுவார்கள். எண்ணெய் மிகுந்தால் அது பரவி ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்களை ஒட்டவைத்துவிடும். குறைந்தால் அச்சுமுனை தேயும். இந்த அளவு அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். கடிகார வரலாறு எழுதுவோர் ஆலையைப் பற்றி எழுதிய அளவிற்கு இவர்களைப் பற்றி எழுதவில்லை என்பது நம் குறை.

உடையவர்க்கும் ஒரு கடமை இருந்தது. காலையில் குறித்த நேரத்தில் சாவி கொடுத்தல், திருகு இறுகுவது தெரிந்தவுடன் நிறுத்திவிடுதல், வியர்வை படிந்த பின்மூடியைத் துடைத்தல், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யக் கொடுத்தல் ஆகியவற்றைப் பெரியவர்கள் நியமமாகவே கொண்டிருந்தனர். ஓடுகிற கடிகாரத்தைச் சுத்தம் செய்வானேன் என்று கேட்போர் உண்டு. உலர்ந்த எண்ணெயோடும் கடிகாரம் ஓடும். தேய்மானம் மட்டும் வெளியே தெரியாது. ரேடியோப் பெட்டியின் மேல் வைக்காதே என்று வீட்டில் சொன்னதும் வெறும் பேச்சன்று. ஒலிபெருக்கியின் காந்தம் பற்றினால் ஹேர் ஸ்பிரிங் சுருங்கி ஒட்டிக் கடிகாரம் விரைந்தோடும்.

1969-இல் ஜப்பானில் பிறந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் இந்த நியமங்களையெல்லாம் வேண்டாதனவாக்கியது. அதற்குச் சாவியும் வேண்டா, ஆண்டுகணக்கில் கவனமும் வேண்டா. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாமலில்லை; ஆயினும் அந்த அலையில் முந்திச் சென்றது வேறொரு நிறுவனம். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் தோற்றுவித்த டைட்டன், இங்கிருந்து எல்லை தாண்டியவுடன் வரும் நம் ஒசூரிலே ஆலை கண்டது. பெங்களூர் தொடங்கிய தொழிலை ஒசூர் வென்றது என்பதில் தமிழர்க்குப் பெருமை உண்டு. சிறிது வருத்தமும் உண்டு. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தும்கூரில் இருந்த ஆலை நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

மூடப்படும் என்ற செய்தி பரவியதும் அக்கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர். அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. பழைய முகப்பைச் சுரண்டிப் பளிச்சென்ற வண்ணம் பூசி, ஆலை ஒருநாளும் செய்திராத நிறங்களில் 'பழங்கடிகாரம்' என்று விற்கிறார்கள். உள்ளே துரு அப்படியே இருக்கும். இதனைப் பராமரிப்பு என்று நாம் ஒப்பமாட்டோம். மங்கிய முகப்பை மங்கியபடியே விட்டு, உள்ளே கழுவி எண்ணெயிடுவதே முறை. பின்மூடியின் உட்புறத்தைத் திறந்து பார்த்தால், பழுது பார்த்தவர் கீறிவைத்த சிறு குறிகளும் தேதிகளும் சிலவற்றில் இருக்கும். அவற்றைத் தேய்த்து மினுக்கிவிடலாகாது. அக்கடிகாரத்தின் சரித்திரம் வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஆலை நின்றபின் புதிய உறுப்புகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே ஓடாத கடிகாரங்களை எடைக்குப் போடாதீர்கள் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் தெருவில் இன்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு ஒருவர் அமர்ந்திருந்தால் அவரிடம் கொடுங்கள். அதிலுள்ள ஓர் அச்சு, ஒரு பல்சக்கரம், வேறொருவர் தந்தையாரின் கடிகாரத்துக்கு ஆகும்.