இரண்டு பீட்ஸாவும் பதுக்கலின் வரலாறும்

2010 மே 22. அமெரிக்காவின் புளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெச் என்ற நிரலாளர் 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்ஸா வாங்கினார். கடைக்காரர் பிட்காயினைத் தொடவில்லை. இன்னொருவர் டாலர் கட்டி வாங்கி அனுப்ப, காசு அவருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பு சுமார் 41 டாலர். இன்று பலரும் ஹன்யெச்சை இளிச்சவாயன் என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு, பதுக்கியவர்கள் பின்னாளில் எழுதிக்கொண்ட வரலாறு என்பேன்.

2008இல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பே இதை மின்னணு ரொக்கம் என்றுதான் சொன்னது. ரொக்கம் கைமாறத்தானே? சாப்பாடு வாங்க உதவாத எண்ணைப் பதுக்கி என்ன செய்ய? ஆனால் முரண் உள்ளேயே இருந்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. நாளை விலை ஏறும் என்று நம்புகிறவன் இன்றைக்கு எதுக்குச் செலவழிப்பான்? 2013 டிசம்பரில், 'வைத்திரு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒருவர் போதையில் 'ஹாடல்' என்று பிழையாக எழுத, பிழையே கோஷமாயிற்று.

'மூலதன'த்தில் மார்க்ஸ் கஞ்சனையும் முதலாளியையும் பிரிக்கிறார்: ஒருவன் பணத்தைச் சுற்றோட்டத்திலிருந்து எடுத்து ஒளிக்கிறான், மற்றவன் திரும்பத் திரும்ப அதில் விடுகிறான். இங்கோ கஞ்சனே 'முதலீட்டாளர்' என்ற பட்டத்தோடு உலவுகிறான்.

ஹன்யெச் அந்தக் கோடையிலேயே இன்னும் சில பீட்ஸாக்களை இப்படி வாங்கினார். வருத்தமில்லை என்றே பின்னாளில் சொன்னார்.