மானியமும் மானமும்

இலண்டன் மாநகரிலே தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் பாராளுமன்றம். மறுகரையில், கண்ணுக்கு எதிரே, மாநகர ஆட்சி மன்றத்தின் மாளிகை. 1980களின் தொடக்கத்தில் அந்த மாளிகையின் உச்சியிலே ஒரு பெரும் பலகை இருந்தது. இலண்டனில் வேலையற்றோர் இத்தனை பேர் என்ற கணக்கு அதிலே எழுதப்பட்டிருந்தது. ஆற்றுக்கு அப்பால் அமர்ந்து ஆட்சி புரிவோர் கண்ணில் அது படாமல் தப்ப வழியில்லை. தாட்சர் அம்மையாருக்கு அந்த மாளிகையின் மீது மூண்ட சினத்துக்கு அந்தப் பலகையும் ஒரு காரணந்தான். ஆனால், அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த மன்றம் மக்களின் வரிப்பணத்தை யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தது என்பதே அது.

பெருநகர இலண்டன் மன்றம் 1965-ஆம் ஆண்டு பிறந்தது. 1981 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றதும், முப்பத்தைந்து வயதினரான கென் லிவிங்ஸ்டன் அதன் தலைவரானார். அவர் கையில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 137-ஆவது பிரிவு. வேறு சட்டம் எதுவும் அதிகாரம் தராத செயலானாலும், தம் பகுதி மக்களுக்கு நன்மை என்று மன்றம் கருதினால், வரி மதிப்பில் பவுனுக்கு இரண்டு பென்ஸ் என்ற வரம்புக்குள் செலவிடலாம் என்பது அப்பிரிவு. ஏட்டிலே உறங்கிக் கிடந்த வரியைத் தட்டி எழுப்பினார் லிவிங்ஸ்டன். தொண்டு அமைப்புகளுக்கான மானியம், 1980-இல் ஏறத்தாழ 60 லட்சம் பவுனாக இருந்தது, 1984-இல் 5 கோடி பவுனை எட்டிற்று.

தொகையைவிடத் தொகை சென்ற திசை முக்கியம். நிறத்தால் ஒதுக்கப்பட்டோர், கைக்குழந்தையோடு வேலைக்குப் போக வழியற்ற தாய்மார், கணவனிடம் அடிபட்டு ஒதுங்க இடம் தேடிய பெண்கள் ஆகியோர் தாங்களே கூடித் தாங்களே நடத்திய சங்கங்களுக்குப் பணம் போயிற்று. வறியோர்க்குச் செல்வர் செய்யும் தர்மமாக அல்ல. வரி செலுத்தும் மக்களுக்கு அவர்களுடைய பணத்திலிருந்தே ஒரு பங்காக! பொறுக்குமா பணக்கார ஏடுகளுக்கு? 'அணுகுண்டுக்கு எதிரான குழந்தைகள்' என்ற பெயரில் ஒரு சிறு குழு மானியம் பெற்றது. அந்தப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டே பத்திரிகைகள் பல மாதம் எள்ளி நகையாடின. உண்மையைச் சொன்னால், மன்றம் கொடுத்த மானியமெல்லாம் ஆராய்ந்து கொடுத்ததுதான் என்று நானும் வாதாட வரவில்லை. கோடிக்கணக்கிலே செலவிடும் எந்த அரசும் அப்படி மார்தட்ட முடியாது. போர்க்கப்பல் வாங்கினால் கணக்கு, பெண்கள் விடுதி நடத்தினால் ஊதாரித்தனம் என்பதுதான் அந்த ஏடுகளின் அளவுகோல்.

1985-இல் சட்டம் செய்து, 1986 மார்ச் 31-ஆம் நாள் நள்ளிரவோடு மன்றத்தையே ஒழித்துக் கட்டினார் தாட்சர். மானியம் பெற்று வந்த அமைப்புகள், நகரின் வட்டாரங்களை ஆளும் சிறு நகராட்சிகளின் வாசலிலே நிற்க வேண்டியதாயிற்று. அப்படி நின்ற ஒரு சங்கத்தின் வரலாறே நான் சொல்ல வந்தது.

மேற்கு இலண்டனில், ஈலிங் நகராட்சிக்கு உட்பட்டது சவுத்தால். பஞ்சாபிலிருந்து சென்ற உழைப்பாளிகள் நிறைந்த ஊர். 1979 ஏப்ரல் 23-ஆம் நாள், நிறவெறிக் கட்சியான தேசிய முன்னணி, அந்த ஊர் நகர மண்டபத்திலேயே கூட்டம் போட வந்தது. எதிர்த்துத் திரண்ட மக்களைப் போலீஸ் தாக்கிற்று. பிளேர் பீச் என்ற பள்ளி ஆசிரியர் தலையில் அடிபட்டு மாண்டார். நியூசிலாந்தில் பிறந்தவர்; தம் நிறத்தவர் அல்லாத மக்களுக்காகத் தெருவில் நின்றவர். அவரை அடித்தவர் ஒரு போலீஸ்காரராகவே இருக்கக்கூடும் என்று உள்விசாரணை அப்போதே கூறியிருந்தது; அந்த அறிக்கையை வெளியிட 2010 வரை, முப்பத்தோர் ஆண்டு, ஆயிற்று.

அதே 1979-இன் இறுதியில், ஆசிய நாட்டுப் பெண்களும் ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களும் கூடி 'சவுத்தால் கறுப்புச் சகோதரிகள்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். கறுப்பு! இழிவென்று எறியப்பட்ட சொல்லை எடுத்துக் கொடியாக உயர்த்தினர். கறுப்புச் சட்டை அணிந்தோர் வாழ்ந்த நாட்டிலே இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. வெளியே நிறவெறியை எதிர்த்த அந்தப் பெண்கள், வீட்டுக்குள்ளே வரதட்சணையையும், கட்டாய மணத்தையும், கணவனின் கைத்தடியையும் எதிர்த்தனர். பெருநகர மன்றத்தின் மானியம் அவர்களுக்கு ஓர் அறையையும் தொலைபேசியையும் தந்தது. மன்றம் ஒழிந்தபின் ஈலிங் நகராட்சி தந்தது.

ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? குடும்பத்தைக் குலைப்பவர்கள், பண்பாட்டைப் பழிப்பவர்கள், வெள்ளையர் முன்னே நம் மானத்தை வாங்குபவர்கள் என்று ஏசினர். சங்கத்தை மூடச் சொல்லினர். 1984-இல் கொடுமை தாளாது ஒரு பெண் உயிரை மாய்த்துக் கொண்டபோது, சங்கத்தினர் அவளுடைய கணவன் வீட்டு வாசலிலேயே சென்று முழங்கினர். மானம் போனது அடிபட்டவளுக்கு அல்ல, அடித்தவனுக்கே என்று தெருவறியச் சொல்லினர். பிறகு கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண்ணின் வழக்கு. பத்தாண்டுச் சித்திரவதைக்குப் பின் கணவனைக் கொன்றதற்காக 1989-இல் ஆயுள் தண்டனை பெற்ற அவர், சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் 1992-இல் மறுமுறையீட்டில் விடுதலையானார்.

'ஓராண்டு விதி' என்று ஒன்று அங்கே இருந்தது. மணம் செய்து அழைத்து வரப்பட்ட பெண், கணவனோடு ஓராண்டு வாழ்ந்தாக வேண்டும். முன்னரே பிரிந்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அடி தாங்கிக்கொண்டு இரு, இல்லையேல் கப்பல் ஏறு! ஊருக்குத் திரும்பினாலோ, வாழாவெட்டி என்ற பட்டம். ஆங்கிலம் அறியாத, சட்டம் அறியாத, கையில் காசில்லாத அந்தப் பெண் யாரிடம் போவாள்? அவள் மொழி பேசி, அவள் வீட்டு வழக்கமும் குடியேற்றச் சட்டமும் ஒருங்கே அறிந்தவரிடம்தான். சகோதரிகள் சங்கம் போராடியதன் விளைவாக 1999-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது.

இப்போது 2007-க்கு வருவோம். 2001-இல் வடஇங்கிலாந்து நகரங்களில் இனக்கலவரம் மூண்டதிலிருந்து, 'சமூக இணக்கம்' என்பது ஆளவந்தார்களின் தாரக மந்திரமாகியிருந்தது. 2007 ஜூனில் அரசு அமைத்த ஆணையம் ஒன்று, தனியொரு பிரிவினருக்கென மானியம் தருவது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே மாதம் ஈலிங் நகராட்சியும் புதுமுறை வகுத்தது. குடும்பக் கொடுமைக்கு ஆளான எல்லாப் பெண்களுக்கும், நகராட்சி முழுமைக்கும், ஒரே அமைப்பு, அதற்கே பணம். ஆசிய, கறுப்பினப் பெண்களுக்கெனத் தனிச் சங்கம் எதற்கு? எல்லாரும் சமம் அல்லவா? வெள்ளைப் பெண்களை ஒதுக்குகிற சங்கம் என்பதால் அது பாகுபாடு என்றுகூட வாதித்தனர்!

சமத்துவம்! எவ்வளவு இனிய சொல்; அதுவே எவ்வளவு கூரிய கத்தி! இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. வகுப்புவாரி ஆணைப்படி சென்னை மாகாணக் கல்லூரி இடங்களைப் பதினான்காகப் பகுத்து, பார்ப்பனரல்லாதாருக்கு ஆறு, பிற்பட்டோருக்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு, பார்ப்பனருக்கு இரண்டு, கிறித்தவருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என வழங்கியபோது, எல்லாரும் சமம் என்று சொல்லியே வழக்குப் போட்டனர். 1950-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அந்த ஆணையைச் செல்லாததாக்கின. மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பமே போடாத ஒருவர், இடம் மறுக்கப்பட்டதாக வழக்காட முடிந்தது! தெருவெல்லாம் கிளர்ச்சி மூண்ட பின்னரே, அந்த ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

ஈலிங்கின் சமத்துவத்திலே இன்னொரு வேடிக்கை. அதே காலத்தில் மைய அரசு, தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில், முஸ்லிம் மக்கள் மிகுதியாக வாழும் சுமார் எழுபது உள்ளாட்சிகளுக்கு 60 லட்சம் பவுன் ஒதுக்கிற்று. மதத்தின் பெயரால் ஒரு பிரிவுக்குத் தனிப்பணம் தரலாமாம். மதம் கடந்து, இந்து, சீக்கியர், முஸ்லிம், கிறித்தவர் என்று பாராமல் அடிபட்ட பெண்ணுக்கெல்லாம் கதவு திறந்த சங்கத்துக்குத் தருவது மட்டும் இணக்கத்துக்கு இடையூறாம்! 1989-இல் ருஷ்டியின் நூலுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தபோது, எழுத்துரிமையின் பக்கம் நின்று, எல்லா மதத்து அடிப்படைவாதத்தையும் எதிர்க்கும் பெண்கள் அமைப்பை உருவாக்குவதில் முன்நின்றவர்கள் இவர்கள். மதத்தலைவரை அழைத்துப் பேசி ஒரு சமுதாயத்தையே அடைந்துவிட்டதாக எண்ணும் ஆட்சியாளர்க்கு, மதத்தலைவரிடமிருந்து தப்பி ஓடிவரும் பெண் கணக்கில் வருவதில்லை.

சங்கத்திடம் உதவி பெற்ற இரு பெண்கள் உயர்நீதிமன்றம் சென்றனர். இனப்பாகுபாட்டுச் சட்டம் 2000-இல் திருத்தப்பட்டபின், எந்தப் பொது அமைப்பும் முடிவெடுக்கும் முன்பே அந்த முடிவு எந்த இனத்தாரை எவ்வாறு தாக்கும் என்று ஆராய வேண்டியிருந்தது. ஈலிங் முடிவை முதலில் எடுத்துவிட்டு, ஆராய்ச்சியைப் பின்னால் ஒட்டவைக்கப் பார்த்தது. 2008 ஜூலையில், நீதிபதி மோசஸ் முன் வழக்கு இரண்டாம் நாள் நடந்துகொண்டிருக்கையிலேயே, நகராட்சி தன் முடிவைக் கைவிடுவதாக அறிவித்தது. வழக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். நீதிபதி விடவில்லை, ஜூலை 29-ஆம் நாள் காரணங்களை விரித்துத் தீர்ப்பு எழுதினார். சிறுபான்மையினருக்கென அவர்களை அறிந்த அமைப்பே நடத்தும் தனிச் சேவை, சமத்துவத்துக்கும் இணக்கத்துக்கும் எதிரானதன்று, அவற்றை வளர்ப்பதே என்றும், சிறப்புத் தேவையை நிறைவு செய்யச் சட்டமே இடம் தருகிறது என்றும் அவர் கூறினார்.

அந்த நகராட்சி, தரும் கை தன்னுடையது என்று எண்ணியது; தரும் பணம் யாருடையது என்பதை வழக்குமன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது. மானியம் தொடர்ந்தது. சங்கம் தன் பெயரையும் மாற்றவில்லை.