ஐந்து பேர் கேட்ட பேச்சு

1950-களில் ஈஸ்ட்ரோஜன் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, பெரும்பாலான விஞ்ஞானிகள் ஒரே பதில்தான் சொல்வாங்க: கர்ப்பப்பைக்குள்ள போகும், அங்க இருக்கிற நொதிகளோட வேதிவினையில கலந்து தானும் மாறும், அந்த வினையால கர்ப்பப்பை வளரும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த எல்வுட் ஜென்சன் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஹார்மோன் திசுவை என்ன பண்ணுது என்பது இருக்கட்டும், திசு ஹார்மோனை என்ன பண்ணுது? ஹெர்பர்ட் ஜேக்கப்சனோட சேர்ந்து, ஈஸ்ட்ரோஜனில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை ஒட்டவைத்து, பருவமடையாத பெண் எலிகளுக்கு ஊசி போட்டார். நம்ம பாஷையில, லாக் போட்டுப் பார்த்தார். ரத்தத்தில் அது சீக்கிரமே குறைஞ்சுடுச்சு. கர்ப்பப்பையில மணிக்கணக்கா தங்கிச்சு. அதுவும் கொஞ்சம்கூட மாறாம! வினையில கலக்கவே இல்லைன்னா, அது எரிபொருள் இல்லை, ஒரு சிக்னல். அதைப் பிடித்து வைக்க அங்க ஏதோ இருக்கணும்.

1958-ல் வியன்னா மாநாட்டில் இதைச் சொன்னார். கேட்க வந்தது ஐந்து பேர். அதில் மூணு பேர் அதே அமர்வில் பேச வந்தவங்க. மத்தவங்க பக்கத்து அரங்கில், நொதிகள் பற்றிய பெரிய கூட்டத்தில் இருந்தாங்க!

1966-ல் டேவிட் டாஃப்ட், ஜாக் கோர்ஸ்கி இருவரும் எலியின் கர்ப்பப்பையிலிருந்து அந்த 'ஏதோ'வைப் பிரித்துக் காட்டினாங்க. அது ஒரு புரதம்: ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார். ஹார்மோன் வந்து ஒட்டினதும் அது மரபணுக்களை இயக்கும், புதுப் புரதங்கள் உருவாகும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். மாதச் சுழற்சியின் முதல் பாதியில், ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறதோட நிக்கிறதில்லை. புரோஜெஸ்டிரோனுக்கான ரிசெப்டாரையும் அங்கே உருவாக்க வைக்குது. அடுத்து வரப்போற ஹார்மோன் பேசுறதைக் கேட்க, முன்னாடியே காதை இன்ஸ்டால் பண்ணி வைக்குது. அது இல்லாம புரோஜெஸ்டிரோன் வந்தாலும், கருவை ஏற்கும் அளவுக்கு உட்சுவர் தயாராகாது.

எலியோட கர்ப்பப்பைல ஆரம்பிச்சது அங்கேயே நிக்கலை. அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்குச் சினைப்பையையோ அட்ரினல் சுரப்பியையோ வெட்டி எடுத்துடுவாங்க. பலன் கிடைத்தது சுமார் மூணுல ஒருத்தருக்கு. மத்தவங்களுக்கு வலி மட்டும்தான் மிச்சம். யாருக்குப் பலிக்கும்னு முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கட்டியில ரிசெப்டார் இருக்கான்னு பாருங்கன்னு சொன்னது ஜென்சன்தான். இல்லாதவங்களுக்கு அந்த அறுவை தேவையே இல்லை. இன்னைக்கு பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்'னு வர்ற வரி, அந்தச் சோதனையோட முடிவுதான்.