பிறர் வீட்டில் மொழி கற்றோர்



சென்ற பள்ளி விடுமுறையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது, முதலாம் ஆண்டிலிருந்தே என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயாரைக் கண்டேன். அம்மாணவி இப்பொழுது ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் ஆறு மாதம் தங்கி ஸ்பானிய மொழி பயில்கிறாள். விடுதியில் அன்று, ஒரு ஸ்பானியக் குடும்பத்தாரின் வீட்டில் தங்கி, அவர்களோடு உண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் படிக்கிறாள். மகளைப் பற்றிப் பெருமையோடு பேசிவந்த அந்தத் தாய், விடைபெறும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், ஆறு மாசம் அவங்க வீட்டுலயே இருந்தா நம்ம தமிழ் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஒன்னும் ஆகாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த விடை எனக்கே போதவில்லை. இதற்கு முன் தமிழர் எவரேனும் இவ்வாறு ஐபீரிய நாடுகளின் மொழியைக் கற்கச் சென்றதுண்டா, சென்றவர்களின் தமிழ் என்னவாயிற்று என்று தேடத் தொடங்கினேன். தேடல் எங்கெங்கோ சென்று, இறுதியில் நம் கோலாலம்பூருக்கே வந்து சேர்ந்தது.

ஸ்பெயினுக்கு அண்டை நாடு போர்த்துகல். அதன் தலைநகரான லிஸ்பனில் 1554ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் ஒரு சிறு நூல் அச்சாகி வெளிவந்தது. 'கார்த்தில்யா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நூல், தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறிய நூலாகும். தமிழ் எழுத்து அப்பொழுது அச்சில் இல்லை. ஆகவே தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அமைத்து, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருளும் தந்திருந்தார்கள். கிறித்துவ மந்திரங்கள் அடங்கிய நூல்தான். ஆயினும் ஓர் ஆசிரியரின் கண்ணுக்கு அது இருமொழிப் பாடநூலாகவே தோன்றும்.

அதனை உருவாக்கியவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர். வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமே குரூஸ் என்பன அவர்களின் பெயர்கள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுத வேண்டுமானால் இரு மொழியும் கைவந்திருக்க வேண்டும். கடல் கடந்த ஊரில், அவ்வூராரோடு வாழ்ந்து அம்மொழியைக் கற்றவர்கள் அவர்கள். தமிழை மறக்கவில்லை, மறந்திருந்தால் அந்நூல் ஏது? ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்களின் பெற்றோர் தமிழில் இட்ட பெயர்கள் அந்நூலில் இல்லை. ஞானஸ்நானப் பெயர்களே எஞ்சின. அந்தத் தாயின் அச்சம் வெறும் பேதைமை என்று நான் தள்ளிவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபுறத்திலிருந்தும் மக்கள் வந்தார்கள். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து, மக்களிடமே தமிழைக் கேட்டுக் கற்று, இலக்கணமும் எழுதினார். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். அதை ஆக்கியவர் அவரே.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1509இல் மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியரில் சிலர் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு உதவியவர் நீனா சாத்து என்று போர்த்துக்கீசியர் குறித்துவைத்த இந்து வணிகர். 1511இல் மலாக்கா வீழ்ந்தபின் அவருக்குப் பெண்டஹாரா பதவி கிடைத்தது. 1514இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது தீயில் வீழ்ந்து உயிர் நீத்தார். அந்நியருக்கு உதவியவர்களின் கதை எப்பொழுதும் இனிதாக முடிவதில்லை.

1511 முதல் 1641 வரை மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அந்த 130 ஆண்டுகளின் சுவடு நம் மாணவர்களின் நாவில் இன்றும் இருக்கிறது. சலமான்கா வீட்டில் முதல் நாள், அந்த வீட்டம்மா உணவு மேசையைத் தட்டி "மேசா" என்றாராம். தமிழில் மேசை, மலாயில் மேஜா, ஸ்பானியத்தில் மேசா. அடுத்து அலமாரியைக் காட்டி "அர்மாரியோ" என்றாராம். மலாய் கெமெஜாவும் அங்கே இருந்தது, 'கமிசா' என்ற பெயரில். இவையெல்லாம் போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொற்கள். ஸ்பானியம் அவற்றின் உடன்பிறப்பு மொழி என்பதால் ஒலி ஒத்துப்போகிறது. உற்சாகமடைந்த மாணவி சன்னலைக் காட்டி "ஜன்னல்" என்றாளாம். அங்கே மட்டும் ஏமாற்றம். சன்னலுக்குப் போர்த்துக்கீசியத்தில் 'ஜனேலா'. மலாய் ஜெண்டேலாவும் அதுவே. ஸ்பானியத்திலோ 'வெந்தானா'.

இதையெல்லாம் அவள் எனக்குக் குரல் செய்தியாக அனுப்பினாள். அதில் ஓர் ஆசிரியைக்கு இன்பம் தரும் செய்தி வேறொன்று. ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதையே வல்லோசையோடு 'பெறோ' என்பதுபோல் நாவை உருட்டிச் சொன்னால் நாய். வகுப்பில் மற்ற நாட்டு மாணவர்கள் தடுமாற, இவள் ரகர றகரப் பயிற்சியை நினைத்துக்கொண்டாளாம். 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'மே குஸ்தா' என்கிறார்கள். 'நான் விரும்புகிறேன்' என்றல்லாமல், நம்மைப் போலவே 'எனக்கு' என்று தொடங்குகிறார்கள். நீ, நீங்கள் என்பதற்கு 'தூ', 'உஸ்தேத்'. ஆங்கிலத்தின் வழியாகப் படித்தால் கடினமாவது, தமிழின் வழியாகப் பார்த்தால் எளிதாகிறது. நாம் ஏன் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில்லை?

இதை நமக்கு வாழ்ந்து காட்டிய பெரியவர் ஒருவர் கோலாலம்பூரில் எட்டாண்டுகள் பணியாற்றினார். தனிநாயகம் அடிகளைத்தான் சொல்கிறேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் 1969 வரை பேராசிரியராக இருந்தவர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இந்நகரில் நடத்தியவர் என்பதே பலருக்குத் தெரியும். அவர் ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் இத்தாலியமும் அறிந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1913இல் இலங்கை ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் பிறந்தவர். அங்கே காலணிக்குச் 'சப்பாத்து' என்பார்கள். மலாயில் செப்பாத்து, ஸ்பானியத்தில் சப்பாத்தோ. ஆங்கிலக் கல்வி பெற்று, குருத்துவப் படிப்புக்காக 1934இல் ரோம் நகர் சென்றார். பல நாட்டு மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த கல்லூரி அது. அங்கிருந்து 1939இல் திரும்பியவர் என்ன செய்தார்? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றியபடியே, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியம் கற்கத் தொடங்கினார். ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்துவிட்டவர், முப்பது வயதை நெருங்கும்போது தாய்மொழியின் முன் மாணவராகிறார். அதன் பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சங்க இலக்கிய ஆய்வும் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' இதழும்.

அவர் கற்ற அயல்மொழிகள் தமிழுக்கே திரும்பி வந்தன. ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் நூல்களை அவரால் படித்தறிய முடிந்தது. லிஸ்பன் கார்த்தில்யாவைத் தமிழுலகம் பரவலாக அறியச் செய்தவர் அவர். அந்தாவோ தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் மறைந்தபின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துக்கீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகள் அதை மறுபதிப்பாக்கினார். வெளியிட்டது மலாயாப் பல்கலைக்கழகம், ஆண்டு 1966. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவில் உள்ள அந்த வளாகத்தைக் கடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆசிரியப் பயிற்சியில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் பல்லாண்டுகள் என் மாணவர்களுக்குச் சொல்லவில்லை.

பயிற்சிக் காலத்தை எண்ணும்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது. எங்களைச் சில நாள்கள் ஒரு மலாய்க் கம்பத்துக்கு 'அனாக் அங்காட்டாக', அதாவது வளர்ப்புப் பிள்ளைகளாக அனுப்பினார்கள். பள்ளியில் பதினோராண்டு மலாய் படித்தவள் நான். 'திடாக்' என்று திருத்தமாகச் சொன்னால் அந்த வீட்டு மாக்சிக் சிரிப்பார்; அவர்கள் வீட்டில் 'தாக்' மட்டுமே. ஒருநாள் தேங்காய் துருவும்போது, துருவும் கருவியைக் காட்டி, "குக்குரானுக்குத் தமிழில் என்ன?" என்று மலாயில் கேட்டார். எனக்குச் சொல் வரவில்லை. எங்கள் வீட்டிலும் நாங்கள் குக்குரான் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். ஊர் திரும்பிப் பாட்டியிடம் கேட்டேன். "துருவலகை, இதுகூடத் தெரியாதா?" என்றார். என் தமிழில் உள்ள ஓட்டையை எனக்குக் காட்டியது தமிழ் வகுப்பு அன்று. அந்த மலாய் வீடு.

போன வாரம் அந்தத் தாயாரைப் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையில் மீண்டும் சந்தித்தேன். கையில் கைப்பேசி. சலமான்கா வீட்டம்மா தம் முழங்கையைத் தொட்டு 'கோதோ' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள பழைய அளவுக்கும் ஸ்பானியத்தில் அதுவே பெயராம். உங்கள் மொழியில் அப்படி ஓர் அளவு உண்டா என்று அவர் கேட்டிருக்கிறார். மகள் தாய்க்கு எழுதியிருந்தாள்: "அம்மா, பூக்காரர் கையில அளந்து கொடுப்பாரே, அதுக்குப் பேர் என்ன?"

"உங்களைப் பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்குள்ள இவ தமிழ்ல என்னையே கேள்வி கேக்குறா, டீச்சர்" என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்துக் கடைப் பூக்காரர் மல்லிகைச் சரத்தைத் தம் கையில் நீட்டி அளந்தபடியே, "முழம்னு எழுதுங்கக்கா" என்றார்.