ஊவாத் தோட்டக் குடும்பங்களின் பருவமும் பயணமும்: ஹாலிஎலப் பகுதியை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் உழைப்பையும் போராட்டத்தையும் முதன்மைப்படுத்துவது இயல்பே. மலையகத் தமிழரின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, துண்டு முறை, சம்பளப் போராட்டம், குடியுரிமைப் பறிப்பு என்பன பற்றி ஆய்வாளர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின் அம்மக்கள் வேலைக்குச் செல்லாத நாள்களில் யாது செய்தனர், குடும்பமாக எங்கு சென்றனர், எப்பருவத்தில் எதனைக் கொண்டாடினர் என்னும் வினாக்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. செக்ரோலில் பேர் விழாத நாளும் வரலாற்றுக்குரிய நாளே. அந்நாள்களை ஊவா மாகாணத்து ஹாலிஎலப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலிஎல, பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையே அமைந்த சிறு நகரம். மலையகப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையமாகிய பதுளைக்கு முந்திய நிலையமும் இதுவே. பதுளை ஓயாவின் பள்ளத்தாக்கிலே சிங்களக் கிராமங்களின் வயல்கள். அதற்கு மேலே தேயிலை மலைகள். ஒரே மழையை நம்பி வாழ்ந்த போதிலும் இவ்விரு நிலங்களின் ஆண்டுக் கணக்கு ஒன்றன்று. வயலுக்கு விதைப்பும் உண்டு, அறுப்பும் உண்டு, அறுப்பின் பின் ஓய்வும் உண்டு. தேயிலைக்கு அத்தகைய முடிவு இல்லை. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்வதற்குக் கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டிற் பயிரிடப்பட்ட கோப்பி ஒரு பருவப் பயிர். ஆண்டின் பிற்பகுதியிலே பழம் பறிக்கப் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். பறித்து முடிந்ததும் அத்தேவை குறைந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஆண்களே. பறிப்பு முடிந்ததும் அவர்களிற் பலர் தம் ஊருக்குத் திரும்பினர். எனவே கோப்பிக் காலத்துத் தோட்டத்திலே பருவம் இருந்தது, குடும்பம் இருக்கவில்லை. பண்டிகையும் சுற்றமும் கடலுக்கு அப்பாலே இருந்தன.

1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அதனைத் தொடர்ந்து பரவிய தேயிலை இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. ஏழு முதல் பத்து நாள்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையிலும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும். இவ்வேலைக்குப் பெண்களின் கைகள் வேண்டப்பட்டன. பெண்களுடன் பிள்ளைகளும் வந்தனர். பிள்ளைமடுவங்கள் தோன்றின, லயங்கள் நிலையான குடியிருப்புகளாயின. ஆக, தேயிலைத் தோட்டத்திலே குடும்பம் தோன்றிற்று. ஆனால் பருவம் மறைந்தது. நாள்தோறும் ஒரே பிரட்டு, ஒரே நிறை, ஒரே கணக்கு. நெல் விளையும் நாட்டின் பஞ்சாங்கத்தை மனத்திற் சுமந்து வந்த மக்கள், அறுவடை என்பதே இல்லாத ஒரு பயிரின் நடுவே வாழத் தலைப்பட்டனர். இங்கேதான் பண்டிகைகளின் வரலாற்றுப் பணி தொடங்குகின்றது. தோட்டம் அழித்துவிட்ட பருவங்களை அம்மக்கள் தம் பண்டிகைகளால் மீண்டும் அமைத்துக்கொண்டனர் என்பதே இக்கட்டுரை வற்புறுத்தும் கருத்தாகும்.

ஊவாத் தோட்டங்களின் ஆண்டினை இந்நோக்கிலே பார்ப்போமாயின் இது தெளிவாகும். தைப்பொங்கல் அறுவடைத் திருநாள். அறுக்க நெல்லில்லாத லயத்து வாசலிலும் பொங்கல் பொங்கிற்று. மாசி மாதத்து வளர்பிறையில் காமன்கூத்து. மூன்றாம் பிறையளவில் காமன் ஊன்றப்பட்டுப் பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிக்கப்படும் வரை, பகல் முழுவதும் மலையில் நின்றவர்கள் இரவிலே மதனும் ரதியுமாக மாறினர். கூத்து இரவில் நடைபெற்றமைக்குச் சமயக் காரணம் மட்டுமன்றிப் பொருளியற் காரணமும் உண்டு: பகல் தோட்டத்துக்கு உரியதாயிருந்தது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளும் இவ்வாறே தொழிலாளரின் இரவுகளைத் தமக்கு உரியனவாக்கிக் கொண்டன.

சித்திரைப் புத்தாண்டை அயற்கிராமத்துச் சிங்கள மக்களும் கொண்டாடினர். பள்ளத்தாக்கும் மலையும் ஒரே நாளில் விழாக் காணும் அரிய வேளை அது. ஆனால் அக்காலத்து மழையோடு கொழுந்து மலியும், விடுமுறை குறுகும். வேலை மிகும் நாள்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்வதுண்டு. பின்னர் யூலை முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் மறுபுறத்தே மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவிற்கு வறண்ட காற்றாக வந்து வீசும். இவ்வறட்சியாற் கொழுந்து மெல்ல வளரும். அதனாலேயே அதன் மணம் செறியும். உலகச் சந்தையில் ‘ஊவாப் பருவம்’ எனப் பேர்பெற்ற தேயிலை இக்காலத்துக்குரியது. ஆனால் வணிகர் சிறந்த பருவம் என்று கொண்டாடிய அம்மாதங்கள், கொழுந்து குறைந்து நிறை விழாத மாதங்களாகவே தொழிலாளர் குடும்பத்துக்கு அமைந்தன. நிறை குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் மிகுந்தால் சம்பளநாளிற் கடன். பருவம் என்னும் ஒரு சொல்லுக்கு இருவேறு பொருள்கள் நிலவியமை இதனாற் புலனாகும்.

ஐப்பசியிலே தீபாவளி. தோட்ட மக்களின் தலையாய பண்டிகை இதுவே. நிருவாகம் வழங்கும் தீபாவளி முற்பணமும் இப்பண்டிகையின் சிறப்புக்கு ஒரு காரணம் எனலாம். புத்தாடையும் பலகாரமும் அம்முற்பணத்தால் வந்தன. அடுத்துவந்த மாதங்களின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்பட்டது. தீபாவளி ஒரு நாளில் முடிந்தாலும் அதன் கணக்கு பல மாதம் நீண்டது. இவற்றிடையே தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும், கவ்வாத்து வெட்டிய மலையிலே குடும்பமாகச் சென்று மிலாறு பொறுக்கி விறகு சேர்க்கும் நாள்களும் ஆண்டின் பிற அடையாளங்களாயின.

பண்டிகை நாள் யாவருக்கும் ஓய்வு நாளாக அமைந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. கொழுந்தெடுத்த பெண்ணே விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமந்தாள், மாவிடித்தாள், பலகாரம் சுட்டாள். காமன்கூத்தில் ரதியின் வேடத்தையும் மரபின்படி ஆண்களே பூண்டனர். பெண்ணுக்குத் தோட்டத்தில் ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984 இலேதான் கிடைத்தது. வீட்டில் அவளுடைய உழைப்புக்கு இன்றுவரை செக்ரோல் இல்லை. ஓய்வின் வரலாற்றை எழுதுவோர் அவ்வோய்வு யாருடைய உழைப்பினால் இயன்றது என்பதையும் எழுதுதல் கடனாகும்.

இனிப் பயணங்களை நோக்குவோம். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அனுமதியின்றி வேலையை விட்டுச் செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கடன் தீர்ந்ததென்னும் துண்டு இன்றி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் பெயர்தல் இயலாதிருந்தது. 1921 இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இத்தகைய சூழலிலே அயற்றோட்டத்து உறவினர் வீட்டுக்குச் சென்று ஓரிரவு தங்கி வருவதும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் விடை கூறவேண்டிய செயலாயிற்று. 1940 இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தம் ஊவாத் தொழிலாளரின் போராட்ட வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. அதனைச் சம்பளத்துக்கும் சங்கத்துக்கும் உரிய நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளாது, தோட்ட எல்லைக்கு வெளியே கூடும் உரிமையின் வரலாற்றிலும் வைத்து நோக்குதல் தகும்.

பயணத்துக்கு வழி திறந்ததிற் புகையிரதத்தின் பங்கு பெரிது. 1894 இல் பண்டாரவளையை எட்டிய பாதை, முப்பது ஆண்டுகள் கழிந்து 1924 இலே ஹாலிஎலவைக் கடந்து பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கே அது அமைக்கப்பட்டது. எனினும் தேயிலை பறித்தவரும் அதில் ஏறினர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியிருந்தமையால், ஹாலிஎலவில் ஏறிய குடும்பம் புகையிரதம் மாறிக் கடல் கடந்து தன் ஊரை அடைதல் இயன்றது. திருமணம், நேர்த்திக்கடன், முதியோரைக் காண்டல் என்பவற்றுக்காக ‘ஊருக்குப் போய் வருதல்’ அன்றைய குடும்பங்களின் மிகநீண்ட பயணம். 1939 ஓகத்து முதலாம் நாள் முதல், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் போதல் எளிதாகவும் திரும்பி வருதல் ஐயத்துக்குரியதாகவும் மாறின.

உள்நாட்டுப் பயணங்களுள் கதிர்காம யாத்திரை முதன்மையானது. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் எல்லைக்குள்ளேயே உள்ளது. எல்ல, வெல்லவாய, புத்தல வழியாக மலையிலிருந்து தாழ்நிலத்துக்கு இறங்கும் இப்பாதையிற் கால்நடையாகவும், பிற்காலத்திற் பஸ்ஸிலும் மக்கள் சென்றனர். 1958 இல் பஸ் சேவைகள் அரசுடைமையானமை இவ்வழிப் பயணங்களுக்கு உதவிற்று. கதிர்காமத்து ஆடிவிழா, கொழுந்து குறையும் அதே வறட்சிக் காலத்தில் வருவது கருதத்தக்கது. சந்தையின் பருவத்திலே நிறை இழந்த குடும்பம், அந்நாள்களையே தன் வழிபாட்டுக்குரிய பருவமாக்கிக் கொண்டது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கூடும் அத்தலத்திலே, தோட்டத் தொழிலாளி ‘கூலி’ என்னும் பெயர் நீங்கி அடியார்களுள் ஒருவனானான். நெடும்பயணத்துக்கு வசதியற்றோர் ஹாலிஎலவுக்கு அண்மையிலுள்ள போகொடை மரப்பாலத்துக்கும், பதுளை ஓயா ஏறக்குறைய 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் துன்ஹிந்த அருவிக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர்.

இப்பயணங்களின் மறுபக்கம் துயர் நிறைந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்ரோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இற் பங்கிடப்பட்டனர். குடும்பத்தைக் கதிர்காமத்துக்கோ ஊருக்கோ கூட்டிச்சென்ற பாதைகளே இப்பொழுது குடும்பத்தைப் பிரிக்கும் பாதைகளாயின. பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளைகள் மறு நாட்டுக்கும் உரியோராக, புகையிரத நிலையங்கள் அழுகையின் இடங்களாயின. 1983 யூலை வன்செயல்கள் பதுளையையும் தாக்கியபோது, ஆடிமாதத்தின் பொருள் மீண்டும் ஒருமுறை மாறிற்று. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினைக்குத் தீர்வு கிட்டிற்று.

இன்று இதே புகையிரதத்திலே வெளிநாட்டுப் பயணிகள் ஊவாவுக்கு வருகின்றனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இற் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணப் பெருங்கூட்டம் சேர்கின்றது. யன்னலுக்கு வெளியே கொழுந்தெடுக்கும் பெண் அவர்களுக்கு ஓர் அழகிய காட்சி. ஒருவரின் வேலைநாள் மற்றொருவரின் உல்லாசப் பயணத்துக்கு அணியாகும் இம்முரண்பாடு, ஓய்வு என்பது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட பொருளன்று என்பதை நினைவூட்டுகின்றது.

2023 இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் உழைப்புக்காக நடந்த வழியை அவர்தம் வழியினர் நினைவுக்காக நடந்தனர். இந்நினைவு முழுமைபெற வேண்டுமாயின், முன்னோர் எத்தனை இறாத்தல் எடுத்தனர் என்பதோடு எந்நாளில் எடுக்காதிருந்தனர் என்பதும் பதியப்படல் வேண்டும். காமன் ஊன்றிய இடங்களையும், கதிர்காமத்துக்கு நடந்த வழிகளையும், பிரிந்துபோன உறவினரின் ஊர்ப்பெயர்களையும் அறிந்த முதியோர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளைத் திரட்டும் பணி பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் கைகளுக்கு எட்டிய பணியேயாகும், காலந்தாழ்த்தினால் எட்டாததாகிவிடும்.