மட்டிக்கு மூன்று மாத விடுமுறை

கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களா? வழியில் பெருமண் பாலம் வரும். ஜன்னலுக்குக் கீழே விரியும் தண்ணீர்தான் அஷ்டமுடி ஏரி. நீண்டகரையில் கடலோடு கலக்கும் இந்த ஏரியின் மணலுக்குள் புதைந்து வாழ்கிறது ஒரு சின்ன மட்டி. மலையாளிகள் கக்கா என்பார்கள். சைவம் சாப்பிடுபவர்களும் தாராளமாக மேலே படிக்கலாம். இது சமையல் குறிப்பு அல்ல.

உள்ளூர்க்காரர்கள் சமைத்துச் சாப்பிட்ட இந்த மட்டிக்கு 1980-களில் வெளிநாட்டுக் கிராக்கி வந்தது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா மூன்றும் கேட்டு வாங்கின. விலை ஏறியது, வாருபவர்களும் பெருகினார்கள். பிஞ்சு, முற்றல் பார்க்காமல் வாரினார்கள். 1993-இல் வரத்து பாதியாக விழுந்தது.

மட்டி இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும். அவை அங்கேயே சந்தித்தால்தான் அடுத்த தலைமுறை. அதனால் நெருக்கமாகக் கிடந்தால்தான் பெருகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகிவிட்டால், மிச்சம் இருப்பதும் வீண்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் யோசனைப்படி அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரக் கூடாது. வலைக்கண் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இயந்திரம் வைத்து வாரக் கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: ஒரு கிலோ மட்டி இறைச்சியில் 1,400-க்கு மேல் உருப்படி இருந்தால் ஏற்றுமதிக்கு ஆகாது.

எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். இத்தனை பெரிய ஏரியில் ஒவ்வொரு ஆளின் பின்னாலும் காவலர் போக முடியுமா? எண்ணிக்கை கூடினால் மட்டி பிஞ்சு என்று அர்த்தம். அதைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவர் வேண்டாம் என்றால் பிஞ்சை யார் வாருவார்? தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் நூறு முறை எழுதுவதைவிட வீட்டுக்கு ஒரு மீட்டர் வைப்பது வேலை செய்யும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் மூன்று மாத விடுமுறைக்குத் தராசு உதவாது. சுமார் 3,000 பேர் மட்டியை வாரியும், அவித்துச் சுத்தம் செய்தும், விற்றும் பிழைக்கும் இடம் அது. அந்த மூன்று மாதமும் மட்டிக் காசு கிடையாது. மற்ற மாதங்களில் கை நிறையக் கிடைக்கும் என்று நம்பினால்தான் ஒருவர் வலையைச் சுருட்டி வைப்பார். பலன் சீக்கிரமே தெரிந்தது. வரத்து ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் என்ற அளவில் பல ஆண்டுகள் நிலைத்தது. வாருபவர்களும் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் சேர்ந்து உட்காரும் ஒரு நிர்வாகக் குழுவும் பின்னால் அமைந்தது. 2014 நவம்பரில் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுதான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு வளம் மறுபடியும் சரிந்தது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஓர் அந்நியச் சிப்பி ஏரிக்குள் பரவி மட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கரையோரக் கழிவுநீரும் ஏரியில்தான் கலக்கிறது. மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் உண்ணும். தண்ணீரில் வருவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். வலைக்கண் விதியும் தராசு விதியும் வாருபவரைத்தான் கட்டுப்படுத்தும். குழாய் வழியே வருவதை அவை என்ன செய்யும்? கரையில் நம்மைப் போல் வீடு கட்டி வாழ்பவர்கள் எந்த விடுமுறையும் எடுக்கவில்லை.

இப்போது ஆராய்ச்சி நிலையம் பொரிப்பகத்தில் வளர்த்த மட்டிக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் ஏரியில் விட்டிருக்கிறது. அவை வளர்ந்து முட்டையிடும் வரை அந்த மணலை யாரும் கிளறக் கூடாது. அந்தக் காவல் மறுபடியும் வாருபவர்கள் கையில்தான் இருக்கிறது.